லாம்பெராத்ரிஸ்: பாரிஸ் டிஸ்கோ குழு ஒண்ணு காதுல மாட்டிச்சு, இங்க யாராவது கேக்குறீங்களா?

#1 நள்ளிரவு ரேடியோ

வணக்கம் மக்களே. ராத்திரி வேலை பார்க்கும்போது யூடியூப்பை அது போக்குல ஓட விட்டுடுவேன். அப்படி ஓடினதுல 'ப்யோர் தே ஃபீய்'னு ஒரு பிரெஞ்சுப் பாட்டு வந்துச்சு. ஒரு வார்த்தை புரியல. ஆனா பேஸ் கிட்டார் உள்ள வந்ததும் எக்செல்ல நம்பர் அடிக்கிறதை விட்டுட்டு வால்யூமைக் கூட்டினேன். மேல கீபோர்டு சத்தம் திறந்து திறந்து மூடுது. பாடுறவங்க கத்தவே இல்ல, பக்கத்து சீட்ல உக்காந்து ஏதோ சொல்ற மாதிரி பாடுறாங்க. டிரம்ஸ்ல எக்கோவே கிடையாது, டக் டக்னு காய்ஞ்சு கிடக்கு. இருந்தும் கால் நிக்க மாட்டேங்குது.

குழு பேரு லாம்பெராத்ரிஸ். தேடினா ஆல்பம் கொட்டிக் கிடக்கு. எதுல ஆரம்பிக்கலாம்? அந்தக் கீபோர்டு சத்தம் எப்படி வருது? இதே வகையில வேற யாரு? ஏற்கனவே இழை இருந்தா இணைச்சு விடுங்க. நான் 'டிஸ்கோ'ன்னு தேடினா மிதுன் சக்கரவர்த்தி மட்டும்தான் வர்றார்.

#2 கீபோர்டு மணி

வாங்க வாங்க. ரொம்ப நாளா இவங்களைப் பத்தி யாராவது கேப்பாங்கன்னு காத்துட்டு இருந்தேன்.

2012ல பாரிஸ்ல ஆரம்பிச்ச குழு. ஆரம்பிச்சவர் ஷார்ல் த புவாசெகான், கீபோர்டு வாசிக்கிறார். அதுக்கு முன்னாடி இசை விமர்சனம் எழுதிட்டு இருந்த ஆளு. விமர்சகன் மேடை ஏறினா என்ன ஆகும்னு நாம கேலி பண்ணுவோம், இங்க நல்லாவே ஆகியிருக்கு. முதல் சில வருஷம் பெரும்பாலும் பாட்டில்லாத வாத்திய இசைதான். 2015ல ஃப்ளோர் பெங்கிகி பாட வந்த பிறகுதான் நீங்க கேட்ட அந்த வடிவம் கிடைச்சது. அவங்க ஜாஸ் பாட்டு படிச்சவங்க, அதனாலதான் கத்தாம தாளத்துக்குப் பின்னாடி கொஞ்சம் சாய்ஞ்சு பாடுறாங்க.

ஆல்பம் மூணு: 'மாத்தாஹாரி' 2018, 'தாக்கோ சுபோ' 2021, 'புல்சார்' 2024. நீங்க கேட்டது நடுவுல உள்ளதுல இருக்கு, அதுலயே ஆரம்பிங்க. அதை மிக்ஸ் பண்ணது நீல் போக், அமெரிக்க ராப் குழு அவுட்காஸ்ட்டோட 'ஹே யா' மிக்ஸ் பண்ண அதே கை. பேஸும் கிக்கும் (காலால அடிக்கிற பெரிய டிரம்) ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காம தனித்தனியா நிக்குதுல்ல, அங்க அவர் கை தெரியும்.

கீபோர்டு சத்தத்துக்கு வர்றேன். அடிப்படையில அது ரம்பப்பல் அலை. அதுல எல்லா மேல்ஸ்தாயிச் சுரமும் கலந்து கூர்மையா இருக்கும். அதை ஃபில்டர் வழியா விட்டு, கூர்மையைச் சீவிட்டு, அந்த ஃபில்டரை மெதுவா திறந்தா நீங்க சொன்ன 'திறந்து மூடுற' சத்தம். அதுக்கு மேல கோரஸ், அதாவது ஒரே சத்தத்தைக் கொஞ்சம் தள்ளி ரெட்டிப்பாக்குற எஃபெக்ட். ரோலண்ட் கம்பெனியோட ஜூனோ-60, ஜூனோ-106 கீபோர்டு ரெண்டுலயும் கோரஸுக்குன்னு I, II ரெண்டு பட்டன் இருக்கும். அமுக்கினதும் ஒல்லியா இருந்த சத்தம் ரெண்டு ஸ்பீக்கரையும் நிறைச்சுக்கிட்டு வரும். இந்த மாதிரி பாட்டுல பாதிப் பளபளப்பு அந்தப் பட்டன்தான். இப்போ மென்பொருள்லயே கிடைக்குது. பழைய 106 வாங்கணும்னு ஆசைப்பட்டா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க. அதோட வாய்ஸ் சிப்பு மேல பூசின எபாக்ஸி வயசானதும் மின்சாரம் கடத்த ஆரம்பிச்சு, ஒரே நேரத்துல ஒலிக்கிற ஆறு குரல்ல ஒண்ணொண்ணா ஊமையாகும். அசிட்டோன்ல ஊற வெச்சு அந்தத் தோலை உரிச்சா சிலது உயிர் பிழைக்கும். உரிச்சிருக்கேன். வீட்ல வாசனை போகவே மாட்டேன்னுச்சு.

#3 80ஸ் கிட்

மணி சார், மரியாதையோட கேக்குறேன், இதுல புதுசு எது? பிரான்ஸ்லயே செரோன் 1977ல 'சூப்பர்நேச்சர்' போட்டாச்சு. அதே வருஷம் 'ஸ்பேஸ்'னு ஒரு குழு, தலையில விண்வெளி ஹெல்மெட் மாட்டிக்கிட்டு 'மேஜிக் ஃப்ளை' வாசிச்சாச்சு. பின்னாடி ஹெல்மெட்டோட பேர் வாங்கின பிரெஞ்சு ஜோடி டாஃப்ட் பங்க்குக்கு இருபது வருஷத்துக்கு மேல முந்தி! இந்தப் பசங்க அப்பா அம்மா அலமாரியில இருந்த ரெக்கார்டை எடுத்துப் போட்டு, அதையே திருப்பி வாசிக்கிறாங்க. சுத்தமா வாசிக்கிறாங்க, ஒத்துக்கிறேன். ஆனா பழைய சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினா புதுத்துணி ஆயிடுமா?

#4 லாசப்பல் பெடியன்

வணக்கம். நான் பாரிசில இருக்கிறன். இவையின்ர கச்சேரிக்குப் போனனான், இசைத்தட்டில கேக்கிறதுக்கும் நேரில கேக்கிறதுக்கும் நிறைய வித்தியாசம். நேரில பேஸ் நெஞ்சில இடிக்கும். ஒரு பாட்டை முடிக்காமலே அடுத்ததுக்குள்ள போவினம், சனம் ஆடிக்கொண்டே நிக்கும், கைதட்ட நேரம் குடுக்க மாட்டினம்.

ரேடியோ அண்ணா, 'ப்யோர் தே ஃபீய்' பெட்டையளைக் கண்டு பயப்பிடுறதைப் பற்றின பாட்டு. பயப்பிடுற ஆம்பிளையளை நக்கலடிக்கிறது. குரல் அவ்வளவு மென்மையா இருக்கிறதால நக்கல் எண்டு உடன விளங்காது, அதுதான் அதின்ர விளையாட்டு. பிரெஞ்சு தெரியாத ஆக்களுக்கெண்டு 'மாத்தாஹாரி'க்கு ஆங்கிலப் பதிப்பும் விட்டவை. ஆனா எனக்கு பிரெஞ்சிலதான் பிடிக்கும். ஆங்கிலத்தில சொல்லுகள் தாளத்தில வடிவா இருக்கேல்லை.

ஃப்ளோர் 2024இல விலகிட்டா. இப்ப லூவ் எண்ட பாடகி பாடுறா. அந்த விசயத்தை இதுக்குள்ள இழுக்க வேண்டாம், ஏற்கெனவே மற்ற இடங்களில வேண்டிய அளவுக்குக் கிழிச்சுப் போட்டினம்.

#5 பேஸ் பாலா

80ஸ் கிட் அண்ணே, செரோன் ரெக்கார்டையும் இவங்க ரெக்கார்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க. சத்தியமா ஒரே சத்தம் இல்ல.

1977 டிஸ்கோல வயலின் குழு இருக்கும், டிரம்ஸ் பெரிய அறையில பதிவானது, பாட்டு ஒரு இடத்துல ஆரம்பிச்சு இன்னொரு இடத்துக்குப் பயணம் போகும். லாம்பெராத்ரிஸ் அப்படி இல்ல. நாலு பார் (தாள ஆவர்த்தம் மாதிரி) ஒரு சுழற்சி. அதையே சுத்துறாங்க. ஸ்வரக்கோர்வை மாறாது, அடுக்குதான் மாறும்: இந்தச் சுத்துல கிட்டார் வரும், அடுத்த சுத்துல கிக் நிக்கும், அதுக்கடுத்து எல்லாம் ஒண்ணா விழும். இது டிஸ்கோ இசைக்கலைஞன் யோசிக்கிற விதம் இல்ல. சாம்ப்ளர், அதாவது ரெக்கார்டுல இருந்து துண்டு வெட்டி ஓட்டுற மெஷின் வெச்சு வேலை பார்த்தவன் யோசிக்கிற விதம்.

நடுவுல ஒரு தலைமுறை இருக்கு, அதை நீங்க தாண்டிட்டீங்க. 1998ல ஸ்டார்டஸ்ட் போட்ட ஒரே ஒரு பாட்டு, 'மியூசிக் சவுண்ட்ஸ் பெட்டர் வித் யூ'. அதுல ஓடுற கிட்டார் சாக்கா கான் 1981ல பாடின 'ஃபேட்'ல இருந்து வெட்டினது. ஒரு துண்டு, அது மேல ஃபில்டர், அவ்வளவுதான் பாட்டு. டாஃப்ட் பங்க், கேசியஸ் எல்லாம் அந்த வழி. பழைய ரெக்கார்டுல நல்லா இருக்கிற ரெண்டு செகண்டைப் பிடிச்சு திரும்பத் திரும்ப ஓட்டுறது. லாம்பெராத்ரிஸ் பசங்க வளர்ந்தது அதைக் கேட்டுத்தான். இப்போ அந்த வெட்டின துண்டு எப்படிக் கேக்குமோ அப்படியே கையால வாசிக்கிறாங்க. ரேடியோ 'டிரம்ஸ் காய்ஞ்சு கிடக்கு'ன்னு சொன்னார் பாருங்க, அங்கதான் விஷயமே. ஒரு மனுஷன் உக்காந்து, லூப் மாதிரி கேக்கணும்னே, முழு நேரமும் ஒரே அளவா அடிக்கிறான். கொஞ்சமும் அலங்காரம் பண்ணாம நாலு நிமிஷம் அப்படி வாசிச்சுப் பாருங்க, முன்கை எரியும்.

பேஸ் வாசிக்கிறவர் தாவித் கோகே. அவர் நோட்டு அடிக்கிறதை விட நோட்டை எங்க நிறுத்துறார்னு கவனிங்க. ஒவ்வொரு நோட்டும் கிக் விழறதுக்கு ஒரு மயிரிழை முன்னாடி அடங்கிடும். அந்த வெற்றிடத்துலதான் கால் ஆடுது.

#6 80ஸ் கிட்

பாலா தம்பி, நல்லா வாதாடுறே. சரி, நகலோட நகல்னு வெச்சுக்கறேன். 😄

சீரியஸா சொன்னா, என் சங்கடம் வேற. அந்தக் காலத்துல ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கட்டாயம் இருந்துச்சு. மெஷின்ல முடிஞ்சது அவ்வளவுதான், அதுக்குள்ள புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. இப்போ எல்லா சத்தமும் லேப்டாப்ல கிடக்கு. அதுல இருந்து 1979ஐத் தேர்ந்தெடுத்து வாசிக்கிறது ரசனை, கண்டுபிடிப்பு இல்ல.

#7 வினைல்ராணி

அண்ணா சொல்ற 'கட்டாயம்' எப்படி இருந்துச்சுன்னு தெரியணும்னா 'ஐ ஃபீல் லவ்' கேக்கணும். டோனா சம்மர், 1977. மியூனிக்ல ஜார்ஜியோ மொரோடர், பீட் பெலோட் ரெண்டு பேரும் தயாரிச்சது. கிட்டத்தட்ட பாட்டு முழுக்க ஒரே மோக் மாடுலர் சிந்தசைசர், மின்னணுவுல சத்தம் உண்டாக்குற மெஷின். அந்த மெஷின் சூடானா சுருதி விலகிடும். அதனால சில வினாடி பதிவு பண்றது, நிறுத்துறது, சுருதி சேர்க்கிறது, திரும்பப் பதிவு. டேப்ல முன்னாடியே ஒரு துடிப்பைப் பதிவு பண்ணி, மெஷினை அதோட பூட்டுற வித்தையைக் கண்டுபிடிச்சவர் ராபி வெடல்னு ஒரு பொறியாளர். அவர் இல்லேன்னா அடுக்கடுக்கா ஒண்ணு மேல ஒண்ணு பதிய முடிஞ்சிருக்காது. டிரம்ஸ்ல வர்ற ஹை-ஹாட் தாளத்தட்டுச் சத்தம்கூட மோக் துப்பின வெறும் இரைச்சலைச் சின்னச் சின்னதா நறுக்கினது. கிக் டிரம் மட்டும் மெஷின்ல திருப்தியா வரல, கீத் ஃபோர்சேன்னு ஒருத்தரைக் காலால அடிக்கச் சொன்னாங்க. உலகமே மெஷின்னு நினைச்ச பாட்டுல இதயத்துடிப்பு மட்டும் மனுஷனோடது.

ரேடியோ, ஒரு வேலை பண்ணுங்க. ஹெட்ஃபோன்ல அந்தப் பாட்டைப் போட்டு, வலது காதை மட்டும் கழட்டுங்க.

#8 நள்ளிரவு ரேடியோ

அடேங்கப்பா! இடது காதுல மட்டும் கேட்டா பேஸ் பாதி வேகத்துல நடக்குது. வலதையும் மாட்டினா ஓட ஆரம்பிக்குது. ரெண்டு பேர் வாசிக்கிறாங்களா?

#9 வினைல்ராணி

இல்ல, ஒரே வரிசைதான். மோக் வாசிச்சது இடது பக்கம். அதையே டிலேல (சத்தத்தைக் கொஞ்சம் தாமதமா திருப்பிச் சொல்ற கருவி) போட்டு, ஒவ்வொரு நோட்டும் அடுத்த நோட்டுக்கு நடுவுல சரியா விழற மாதிரி தள்ளி, வலது பக்கம் வெச்சுட்டாங்க. எட்டு நோட்டு வாசிச்சா பதினாறு கேக்கும். கிளப்புல ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல நிக்கிறவனுக்கு முழுத் தாளம், ஓரத்துல நிக்கிறவனுக்கு அரைத் தாளம்.

பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி பெர்லின்ல பதிவு பண்ணிட்டு இருந்தப்போ, கூட வேலை பார்த்த பிரையன் ஈனோ இந்த ரெக்கார்டைத் தூக்கிட்டு ஓடி வந்து, வருங்காலம் எப்படி ஒலிக்கும்னு கேட்டுட்டேன்னு சொன்னதா போவியே பின்னாடி சொல்லியிருக்கார்.

#10 சும்மா கேட்பவன்

டிஸ்கோ பாட்டுன்னா ஆடத்தானே? இவ்வளவு அறுவை சிகிச்சை தேவையா டாக்டர்களே? நான் 'தாக்கோ சுபோ' போட்டுட்டு சமையல் பண்ணேன், சாம்பார் நல்லா வந்துச்சு. ரெண்டாவது பாதி கொஞ்சம் தூக்கம். யாரும் சொல்லல, அதனால சொல்றேன்.

#11 பேஸ் பாலா

ரெண்டாவது பாதி விஷயத்துல உங்க கட்சி. நடுத்தர வேகப் பாட்டு வரிசையா வந்து நிக்குது. 'மாத்தாஹாரி'ல அந்தப் பிரச்சினை கம்மி. 'புல்சார்' நல்லா ஓடுது, அமெரிக்கப் பாடகி மேகி ராஜர்ஸ் பாடின 'எனி வே'யும் இருக்கு, ஆனா விருந்தாளி வந்தாலே வீட்டுக்காரங்க கொஞ்சம் அடக்கி வாசிக்கிற மாதிரி எனக்குத் தோணும்.

#12 நெறியாளர்

நண்பர்களுக்கு: தரவிறக்கச் சுட்டி போட்ட 2 பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. தமிழ்த் திரைப்பட டிஸ்கோ பாடல்களுக்குத் தனி இழை இருக்கிறது, அது 80 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, ராஜாவா ரஹ்மானா சண்டையை அங்கேயே வைத்துக்கொள்ளவும். இங்கே பாரிஸ்.

#13 கீபோர்டு மணி

நெறியாளர் ஐயா, பாரிஸ்ல இருந்து ஒரு அடி வெளிய வெச்சுக்கறேன், கோச்சுக்காதீங்க. சிந்தசைசர் ஏன் டிஸ்கோவைப் பிடிச்சுக்கிச்சுங்கிறதுல ரசனையை விடக் காசுதான் அதிகம். 1979 ஜூலை 12, சிகாகோவுல பேஸ்பால் மைதானத்துல டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவிச்சு வெடி வெச்சாங்க, கூட்டம் மைதானத்துல இறங்கி ரெண்டாவது ஆட்டமே நடக்கல. அந்த வருஷத்துக்கு அப்புறம் அமெரிக்காவுல பெரிய கம்பெனிங்க டிஸ்கோன்னு சொன்னாலே கையை உதறிட்டாங்க. வயலின் குழு, பித்தளை வாத்தியம்னு முப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லை. ஆனா ஐரோப்பாவுல, முக்கியமா இத்தாலியில, நடன அரங்கம் மூடல. அங்க ரெண்டு பேர், ஒரு சிந்த், ஒரு டிரம் மெஷின் வெச்சு அதே ஆட்டத்தை மலிவா தொடர்ந்தாங்க. அதுதான் இத்தாலோ டிஸ்கோ. பாட்டுக்கு ஆங்கிலம், உச்சரிப்பு இத்தாலி. லாம்பெராத்ரிஸ்ல சில இடத்துல ஈரமா, கொஞ்சம் சோகமா ஒரு கீபோர்டு மெட்டு மேல மிதக்கும் பாருங்க, அது அந்த வீட்டுச் சொத்து.

80ஸ் கிட் சொன்ன 'கட்டாயம்' இவங்களுக்கும் இருக்கு, திசைதான் எதிர். லேப்டாப்பே எல்லாம் பண்ணித் தரும் காலத்துல ஆறு பேர் மேடையில நின்னு வாசிக்கிறாங்க. ஆறு பேருக்கும் டிக்கெட், சாப்பாடு, ரூம். ஒரு டிஜே ஒரு பெட்டியோட வந்து போற காசுல இவங்க ரயில் டிக்கெட்கூட வாங்க முடியாது. அந்தச் செலவைப் பண்ணிக்கிட்டு வாசிக்கிறவனுக்கு வெறும் பழங்கால ஆசை மட்டும் இருக்கும்னு எனக்குத் தோணல.

#14 80ஸ் கிட்

செலவு பண்றான்ங்கிறதுக்காக இசை புதுசாகாது மணி சார். ஆனா லூப்பைக் கையால வாசிக்கிறாங்கன்னு பாலா சொன்னதை மனசுல வெச்சுக்கிட்டு 'மாத்தாஹாரி' மறுபடி கேட்டேன். டிரம்ஸ் அப்படித்தான் இருக்கு. அதுக்கு மேல இப்போதைக்கு எதுவும் சொல்ல மாட்டேன்.

பேச்சு பேச்சா இருக்கட்டும், ரேடியோவுக்கு ஒரு பரிசு தர்றேன். சரண்ஜித் சிங், மும்பை. ஹிந்தி சினிமா ஆர்க்கெஸ்ட்ராவுல வாசிச்சவர். 1982ல ஹெச்எம்வி வெளியிட்ட 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. ரோலண்டோட மூணு மெஷின்: டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் மெஷின், ஜூப்பிட்டர்-8 சிந்த். பத்து ராகம், கீழ டிஸ்கோ தாளம், அவ்வளவுதான். அப்போ யாரும் சீண்டல. 2010ல மறுபடி வெளியானப்போதான், சிகாகோவுல 1987ல 'ஆசிட்'னு ஒரு நடன இசை வகையா கொண்டாடின அந்த 303 சத்தத்தை ஒரு மனுஷன் அஞ்சு வருஷம் முந்தியே மும்பையில பைரவ்ல வாசிச்சிட்டார்னு உலகம் முழிச்சுது. 2015ல காலமானார். நான் கண்டுபிடிப்புன்னு சொல்றது இதைத்தான். பைரவ் டிராக்ல அந்த 303 நெளியுறதைக் கேளுங்க, தம்பூரா சுருதியை யாரோ ரப்பர் மாதிரி இழுக்கிறாப்ல இருக்கும்.

#15 லாசப்பல் பெடியன்

கேட்டன். ஐயோ. உண்மையா 1982ஆ?

#16 வினைல்ராணி

உண்மைதான். 'இதே வகையில வேற யாரு'ன்னு ரேடியோ கேட்டதுக்கு இன்னும் யாரும் நேரா பதில் சொல்லல. பார்சல்ஸ் கேளுங்க. ஆஸ்திரேலியாவுல பைரன் பே பசங்க, அஞ்சு பேர், பள்ளிக்கூடம் முடிச்ச கையோட பெர்லினுக்கு வந்துட்டாங்க. டாஃப்ட் பங்க் பாரிஸ்ல இவங்க கச்சேரியைப் பார்த்துட்டு, 2017ல 'ஓவர்நைட்'ங்கிற பாட்டைக் கூட உக்காந்து எழுதி, தயாரிச்சுக் கொடுத்தாங்க. 2021ல டாஃப்ட் பங்க் பிரிஞ்சுட்டாங்க, அதுக்குள்ள வெளியாளுக்குப் பண்ணிக் கொடுத்த கடைசி வேலை அதுதான். சாம்பிள் வெட்டினவங்களே வந்து கையால வாசிக்கிறவங்களுக்குத் தயாரிக்கிறாங்க, பாலா வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அவங்க 'லைவ் வால்யூம் 1' 2020ல வந்தது. பெர்லின் ஹன்சா ஸ்டூடியோவுல எல்லாரும் ஒரே அறையில நின்னு நேரா டேப்ல பதிஞ்சது. ஜனம் கிடையாது, கைதட்டல் கிடையாது. பாட்டுக்குப் பாட்டு நடுவுல மூச்சு விடுறதுகூடக் கேக்கும். போவி 'ஹீரோஸ்' பதிவு பண்ணதும் அதே ஹன்சாதான். பார்சல்ஸ்ல அஞ்சு பேரும் பாடுவாங்க, அதனால லாம்பெராத்ரிஸ் அளவு நடன அரங்க வாசனை இருக்காது, கடற்கரை வாசனை கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

#17 நள்ளிரவு ரேடியோ

எல்லாருக்கும் நன்றி. பார்சல்ஸ் லைவ் இப்போ ஓடிட்டு இருக்கு. சரண்ஜித் சிங்கை வீட்ல எல்லாரும் தூங்கின பிறகு கேட்டுக்கறேன், பொண்ணு பாதியில வந்து 'அப்பா, கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சா'ன்னு கேட்டுட்டா.

மணி சார், ஒரு கேள்வி. என்கிட்ட பழைய சின்னக் கீபோர்டு ஒண்ணும், இலவச ரெக்கார்டிங் மென்பொருளும் இருக்கு. 'ஐ ஃபீல் லவ்' இடது-வலது வித்தையை நானே செஞ்சு பார்க்கணும். டிலே எவ்வளவு வைக்கிறது?

#18 கீபோர்டு மணி

வேகத்தை வெச்சுக் கணக்கு. 120 பிபிஎம்னா, அதாவது நிமிஷத்துக்கு 120 பீட்னா, ஒரு பீட் 500 மில்லி செகண்ட். நீங்க பீட்டுக்கு ரெண்டு நோட்டு வாசிச்சா ஒவ்வொண்ணும் 250. அதுக்கு நடுவுல விழணும், ஆக டிலே 125. ஃபீட்பேக் பூஜ்யம், ஒரே ஒரு தடவைதான் திருப்பிச் சொல்லணும். மூல டிராக்கை முழுசா இடது, டிலேயை முழுசா வலது. டிலே பக்கத்துச் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சீங்கன்னா ஆட்டம் வரும், ரெண்டும் சமமா இருந்தா தையல் மெஷின்.

நோட்டைக் குட்டையா வாசிங்க. நீட்டினா டிலே மேல ஏறி எல்லாம் கூழாயிடும். கையில வராட்டி குவாண்டைஸ் (நோட்டை மென்பொருளே தாளத்துல சரியா உக்கார வைக்கிறது) பண்ணிக்கோங்க, மொரோடரே மெஷினைத்தான் வாசிக்க விட்டார்.

#19 பேஸ் பாலா

குவாண்டைஸ் பண்ணாதீங்க ரேடியோ. கையாலயே வாசிங்க, முன்கை எரியட்டும்.

#20 80ஸ் கிட்

குவாண்டைஸ் பண்ணுங்க. இங்க யாரும் பக்கத்துல வந்து நின்னு பார்க்கப் போறதில்ல.

#21 நள்ளிரவு ரேடியோ

ரெண்டு விதமாவும் பதிவு பண்ணி இங்கயே போடுறேன். எது எதுன்னு சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடிங்க.